சுவிட்ச் இல்லாத வால்வுப் பெட்டி

வால்வுக்கு அடியில் ஓர் ஆரஞ்சு எல்.இ.டி.யைப் பதித்து வைத்திருக்கிறார்கள். வால்வே தகதகக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டுமாம். 6ஜே1 வால்வின் இழை மங்கலாகத்தான் சிவக்கும். அதற்கு ஏன் இந்த வேஷம்? கறுப்பு டேப் ஒட்டி மூடிவிட்டேன். அதைக்கூட விட்டுவிடலாம். இதில் பைபாஸ் சுவிட்ச் இல்லை என்பதைத்தான் ஆறப்போட முடியவில்லை.

ஒரே சர்க்யூட்டைப் பல பெயர்களில் ஆன்லைனில் விற்கிறார்கள், அதனால் பெயர் வேண்டாம். இரண்டு குட்டி வால்வு, ஒரு வால்யூம் திருகு. போனுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் செருகினால் பாட்டில் இதம் கூடும் என்கிறது விளம்பரம். கூடத்தான் செய்கிறது. இந்த வால்வுக்குத் தரவுத்தாள் சொல்வது 120 வோல்ட். இங்கே கிடைப்பது அதில் கால்வாசி. அரைப்பட்டினி வால்வு வந்ததை வந்தபடி அனுப்பாது, மடங்குகளைச் சேர்த்துவிடும். 1,000 ஹெர்ட்ஸ் கொடுத்து லேப்டாப்பில் பார்த்தால் 2,000-இல் ஒரு முளை தெரிகிறது. 3,000-இல் அதைவிடச் சின்னது.

கச்சேரி கேட்கிறவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: இரண்டாம் மடங்கு மேல் ஸட்ஜமம், மூன்றாவது அதற்கு மேலுள்ள பஞ்சமம், ஐந்தாவது அந்தர காந்தாரம். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் கேட்பது இதனால்தான். ஏழாவதுதான் வம்பு, கைசிகி நிஷாதத்துக்கும் கொஞ்சம் கீழே, எந்த ஸ்வரஸ்தானத்திலும் உட்காராமல் நிற்கும். இந்தப் பெட்டி அவ்வளவு தூரம் போவதில்லை.

மடங்குகள் நம் காதுக்குப் புதிதல்ல. தம்புராவின் குதிரையில் நூல் செருகி ஜீவா கூட்டுவது அவற்றை வரவழைக்கத்தான். சி.வி. ராமன் 1920களின் தொடக்கத்தில் தம்புரா, வீணைக் குதிரைகளை ஆராய்ந்து, மீட்டும் இடத்தை வைத்துப் பார்த்தால் ஒலிக்கவே கூடாத மடங்குகளும் அவற்றில் ஒலிப்பதாக எழுதினார். ஆனால் அந்த ஜீவா ரெக்கார்டிலேயே இருக்கிறது. பெட்டி மேலே இன்னொரு பூச்சு பூசுகிறது. அது பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி.

கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடத்தான் சுவிட்ச் வேண்டும். செருகினதும் சத்தமும் கொஞ்சம் ஏறுகிறது. சத்தம் ஏறினால் எதுவும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். பாதிப் பாராட்டு அந்த ஏற்றத்துக்கே போய்விடும். அதனால் 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் வரும்படி திருகை நிறுத்தினேன். மகள் திரைக்குப் பின்னால் இருந்து வயரை மாற்றினாள். கேட்க வந்தவர் திருநகர்க்காரர். திருப்பரங்குன்றம் பக்கமெல்லாம் திருவிழாவுக்குக் குழாய் கட்டிய மைக்செட்காரர்.

மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் பழைய பதிவுக்கு, தெரியாமலே பெட்டியைத்தான் தேர்ந்தெடுத்தார். நானும் அப்படியே. குரலுக்குக் கொஞ்சம் சதை வைத்தாற்போல் இருந்தது. அடுத்து மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜிக்கு வாசித்த அதே ஜோடி. வயர் மாறியதும் முகம் சுளித்தார்.

"தம்பி, இதுல தவிலு மூட்டமாக் கேக்குதுப்பா. ரெண்டு நாயனமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் இடிக்குது. கழட்டச் சொல்லுங்க."

அவர் காது சொன்னதில் தப்பே இல்லை. ஒற்றை ஒலி நுழைந்தால் அதன் மடங்குகள் மட்டும் வரும், அவை சுருதிக்குள் அடங்கும். இரண்டு ஒலி சேர்ந்து நுழைந்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புது ஒலிகளாக வெளியே வரும். அவை எந்த ராகத்துக்கும் கட்டுப்படாதவை. இரண்டு நாதஸ்வரம், ஒத்து, தவில் என்று கூட்டம் ஏற ஏறக் குப்பையும் ஏறுகிறது. விளம்பரத்தில் இந்தக் கழித்தல் கணக்கு மட்டும் இல்லை.

வீணையும் வாய்ப்பாட்டுமாகக் கேட்கிறவர் தாராளமாக வாங்கலாம். நாதஸ்வரப் பிரியர்களும், வயலின்கள் வரிசைகட்டும் இளையராஜா பாட்டுக்காரர்களும் காசை ஸ்பீக்கரில் போடுங்கள். நான் டவுன்ஹால் ரோட்டில் ஓர் ஆறு கால் டாகிள் சுவிட்ச் வாங்கி, பெட்டியில் துளை போட்டு மாட்டிவிட்டேன். எம்.எஸ்.ஸுக்கு மேலே, நாயனத்துக்குக் கீழே. ராஜாவுக்கு மட்டும் வீட்டில் இன்னும் தகராறு: பல்லவியில் நான் மேலே தள்ளுகிறேன், இடையிசையில் மகள் கீழே இழுத்துவிடுகிறாள்.