விண்வெளிக் கோயிலில் பூசை செய்வார் யார்?

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை, எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் "ஸ்டார்கேட்" என்னும் ஆங்கிலத் திரைப்படம் ஓடிக்கொண்டிருந்தது. ரோலண்ட் எம்மெரிக் இயக்கத்தில் 1994-ஆம் ஆண்டு வெளிவந்த படம் அது. வேற்று உலகம் ஒன்றின் பாலைவனத்தில் ஒரு கல் பிரமிடு நிற்கிறது. வானிலிருந்து அதே வடிவங் கொண்ட பெருங்கலம் ஒன்று மெல்ல இறங்கி, அக்கல் பிரமிடின் மேல் கவிந்து அமர்கிறது. எகிப்தியரின் ஞாயிற்றுக் கடவுளாகிய ரா அதனுள்ளே வீற்றிருக்கிறார். தூண்கள், திரைச்சீலைகள், பொன்னொளி, பறவைமுகமும் நரிமுகமும் பூண்ட காவலர் என்று எல்லாம் இருக்கின்றன. தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள் என் மகள். ஞாயிறுதோறும் எங்களோடு கோயிலுக்கு வந்து பழகியவள். சற்று நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, இந்தக் கோயிலுக்குக் குருக்கள் கிடையாதா? சாமிக்கு யார் நைவேத்தியம் பண்ணுவார்கள்?" என்று கேட்டாள்.

அன்று என்னிடம் விடை இல்லை. பின்னர், விண்ணில் மிதக்கும் எகிப்தியக் கோயிலைக் கற்பனை செய்த நூல்களில் என் கைக்கு எட்டிய சிலவற்றைத் தேடிப் படித்தேன். அக்கேள்வியே என்னைத் துரத்திக்கொண்டு வந்தது. இலக்கியக் கட்டுரைகள் நிறைந்த இம்மலரில் இப்படியொரு பொருளுக்கு இடம் உண்டா என்று அன்பர்கள் சிலர் ஐயுறலாம். கடவுளர் நுழையும் கதை எதுவாயினும் அது இலக்கியத்தின் எல்லைக்கு உட்பட்டதே என்பது என் எண்ணம்.

கற்பனையை எடைபோடுவதற்கு முன்னர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரா என்னும் கடவுளுக்கு மண்ணில் எழுந்த கோயில்கள் எத்தகையவை? எகிப்தின் ஐந்தாம் அரசமரபினர், இன்றைக்கு ஏறத்தாழ 4,400 ஆண்டுகளுக்கு முன், தத்தம் பிரமிடோடு ஞாயிற்றுக்கென்று தனிக்கோயிலும் எடுத்தனர். அத்தகைய கோயில்கள் ஆறு இருந்தன என்பதை எழுத்துச் சான்றுகளால் அறிகிறோம். நெடுங்காலமாக உறுதிபெற அடையாளங் காணப்பட்டிருந்தவை இரண்டே. அவற்றுள் ஒன்று அபு குராப் என்னுமிடத்தில் நியுசெர்ரே மன்னன் கட்டியது. அதற்குக் கூரையுடைய கருவறை இல்லை, உருவச்சிலையும் இல்லை. திறந்த முற்றம், முற்றத்தின் ஒருபுறம் கற்களால் அடுக்கிக் கட்டிய பருத்த தூபி, அதன் முன்னே வெண்கல் பலிபீடம். "படையல்" என்று பொருள்படும் எழுத்துருவையே நாற்றிசையிலும் செதுக்கி அப்பீடத்தை அமைத்திருக்கிறார்கள். தெய்வம் மேலே வானில் நடமாடுகிறது. கீழே பீடம் காத்திருக்கிறது. ஓர் அறையின் சுவரில் வெள்ளப் பருவமும் அறுவடைப் பருவமும் சிற்பங்களாகத் தீட்டப்பட்டிருந்தன. தேனீ வளர்த்துத் தேன் எடுக்கும் மனிதர்களும் அவற்றில் உண்டு. ஞாயிற்றைப் போற்ற விரும்பியவன், ஞாயிறு வாழ்விக்கும் வயலையும் ஆற்றையும் தேன்கூட்டையும் சுவரில் எழுதினான்!

இன்னொரு செய்தி. அக்கோயிலின் தென்புறத்தே ஏறத்தாழ முப்பது மீட்டர் நீளத்தில் ஒரு படகு இருந்தது. செங்கல்லால் கட்டிய படகு. பகலில் வானாற்றிலும் இரவில் கீழுலகிலும் ரா படகேறிச் செல்கிறார் என்பது எகிப்தியர் நம்பிக்கை. அப்பயணத்தை நினைவூட்டவே அது கட்டப்பட்டது. ஆகவே, கடவுளைக் கலத்தில் ஏற்றி விண்ணில் செலுத்தும் கற்பனை இருபதாம் நூற்றாண்டு எழுத்தாளர்களின் கண்டுபிடிப்பு என்று எவரும் எண்ண வேண்டா. பழைய எகிப்தியரும் அக்கனவைக் கண்டார்கள். கண்டவர்கள் கலத்தை மண்ணில் வைத்துக் கட்டினார்கள். படகு நகரவே நகராது. நாள்தோறும் நகர்ந்தவை அப்பமும் பானமும் இறைச்சியும்தாம்.

இது எப்படித் தெரியும் என்றால், கணக்கு இருக்கிறது. அபு குராப்புக்கு அருகே அபுசீர் என்னும் ஊரில், நெஃபெரிர்காரே மன்னனின் நினைவுக்கோயிலைச் சார்ந்த பாபிரசு ஏடுகள் 1893-ஆம் ஆண்டு வெளிப்பட்டன. பாவுல் போசெனர்-கிரீகர் என்னும் பிரெஞ்சு அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1976-இல் விரிவான நூல் வெளியிட்டார். அவ்வேடுகளைப் பற்றிப் படித்தபோது என் மனம் அடைந்த கிளர்ச்சியை, இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு வாழும் எழுத்தன் ஒருவனே முழுதும் உணர முடியும். பூசகர்களின் பணிமுறைப் பட்டியல் அதில் இருக்கிறது. பணியாளர் பத்துப் பிரிவினராகப் பிரிந்து, முறைவைத்து ஒவ்வொரு பிரிவும் ஒரு மாதம் ஊழியம் செய்தது. கோயிற் பொருள்களின் இருப்புப் பதிவேடு இருக்கிறது. எந்தப் பாத்திரம் விரிசல் கண்டது, எது பழுதுபார்க்கப்பட்டது என்னும் குறிப்புகளும் உண்டு. கதவு முத்திரைகளைச் சரிபார்த்த பதிவும், ராவின் ஞாயிற்றுக்கோயிலிலிருந்து நாள்தோறும் வந்துசேர்ந்த உணவின் வரவுக் கணக்கும் கிடைத்திருக்கின்றன. வரவேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள். பாக்கி வைக்கும் வழக்கம் அன்றே தோன்றிவிட்டது என்று அலுவலக நண்பரிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை.

தெய்வத்திற்குப் படைத்த உணவு பின்னர்ப் பூசகருக்கும் பணியாளருக்கும் பங்கிடப்பட்டது. கோயில் என்பது பலருக்குச் சோறு. அதை நடத்தியது எழுத்து. எகிப்தியர் தம் எழுத்தை "இறைவனின் மொழி" என்றே அழைத்தனர். ஏடு எழுதும் கூடத்திற்கு அவர்கள் இட்ட பெயர் "உயிரின் இல்லம்" என்பது.

இவ்வளவையும் மனத்தில் கொண்டு "ஸ்டார்கேட்" படத்தை மறுபடி நினைத்துப் பார்த்தேன். படத்தின் நன்மைகளை முதலில் சொல்லிவிடுவது முறை. பழைய எகிப்து மொழி எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை ஸ்டூவர்ட் டைசன் ஸ்மித் என்னும் அறிஞரின் துணைகொண்டு உருவாக்கிப் பாத்திரங்களைப் பேச வைத்தார்கள். அந்த அக்கறை பாராட்டுக்குரியது. ஆனால் படத்தில் வரும் ரா அழிந்துபட்ட வேற்றினம் ஒன்றின் கடைசி உயிர். எகிப்திய இளைஞன் ஒருவன் உடலில் குடியேறி, மனிதரை அடிமைகளாக்கிக் கனிமம் தோண்ட வைப்பவர். அவருடைய ஆட்சியில் எழுத்தும் படிப்பும் தடைசெய்யப்பட்டவை! முன்னொரு காலத்தில் பூமியில் மக்கள் கிளர்ந்தெழுந்ததால், எழுத்தறிவு இருந்தால் பழைய உண்மை வெளிப்படும் என்று அஞ்சி அவர் விதித்த தடை அது.

எழுத்துக்கு அஞ்சும் கொடுங்கோலன் என்பது நல்ல கற்பனை. அதை எகிப்தியக் கடவுளின் தலையில் ஏற்றியதுதான் பொருந்தவில்லை. சுவரில் விரல் வைக்க இடமின்றி எழுத்தால் நிரப்பிய சமயம் அது; விரிசல் கண்ட பாத்திரத்தையும் விட்டுவிடாமல் எழுதி வைத்த கோயில்கள் அவை. படத்தில் ராவைச் சூழச் சிறுவர் கூட்டமும் காவலர் கூட்டமும் உண்டு. அவர்கள் ஓர் அரசனுக்கு ஏவல் செய்கிறார்கள். தெய்வத்திற்குத் தொண்டு செய்வார் அங்கே எவரும் இல்லை. என் மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி. அது கோயிலே இல்லை. கோயிலின் தோற்றமுடைய அரண்மனை.

எரிக் வான் டேனிகன் 1968-இல் வெளியிட்ட நூலிலிருந்து பரவிய ஒரு கொள்கையின் நிழலும் இப்படத்தின்மேல் விழுந்திருக்கிறது. பழைய மக்கள் எழுப்பிய பெரிய கட்டடங்களுக்கு வானிலிருந்து வந்தவர்களே காரணம் என்பது அக்கொள்கை. கல் சுமந்தவன் தோளையும் கணக்கெழுதியவன் கண்ணையும் ஒருசேர மறுக்கும் இக்கொள்கையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அமெரிக்க எழுத்தாளர் ரோஜர் ஜெலாஸ்னி வேறு தரத்தவர். இந்தியக் கடவுளர் பெயர்களைக் கையாண்டு 1967-இல் இவர் எழுதிய "லார்ட் ஆஃப் லைட்" என்னும் புதினத்தை நம்மவரில் சிலர் படித்திருக்கக்கூடும். அடுத்த ஆண்டே அதற்கு ஹியூகோ பரிசு கிடைத்தது. 1969-இல் வெளிவந்த "கிரியேச்சர்ஸ் ஆஃப் லைட் அண்ட் டார்க்னெஸ்" என்னும் புதினத்தில் எகிப்தியக் கடவுளரை விண்வெளியில் உலவவிட்டார். பேரண்டத்தின் ஒரு கோடியில் உயிரின் இல்லம். அதன் தலைவர் ஓசிரிஸ். மறு கோடியில் இறந்தோர் இல்லம். அதன் தலைவர் அனுபிஸ். இடையே உள்ள உலகங்களில் பிறப்பும் இறப்பும் எவ்வளவு நிகழ வேண்டும் என்பதை இவ்விரு நிலையங்களும் வகுக்கின்றன. இப்படியொரு பகுப்பைப் படித்தவுடன், இரண்டு துறைகளுக்கிடையே கோப்பு போய்வரும் காட்சி என் கண்முன் தோன்றியது. ஜெலாஸ்னிக்கு அந்த எண்ணம் இருந்ததோ இல்லையோ, அவர் நடையில் ஒரு குறும்பு உண்டு. உரைநடை நடுவே செய்யுளுக்குத் தாவுகிறார்; முடிவில் நாடகமாகவே எழுதிவிடுகிறார்.

தொடக்கக் காட்சி மறக்க முடியாதது. அனுபிஸின் கூடத்தில் இறந்தோரை எழுப்பி விருந்தும் களியாட்டமும் நடத்துகிறார்கள். ஆயிரம் ஆண்டுகள் ஊழியம் செய்த ஒருவன், தன் பெயரும் பழைய வாழ்வும் நினைவில் இல்லாதவனாக அக்கூட்டத்தினிடையே நடக்கிறான். இங்கே ஆள் இருக்கிறது, ஊழியம் இருக்கிறது. ஆயினும் இறந்தவர்கள் தாமாக எதையும் படைப்பதில்லை; பொம்மைகளைப் போல் ஆட்டுவிக்கப்படுகிறார்கள். இறந்தவன் நெஞ்சைத் தராசில் நிறுத்து முடிவை எழுதும் எழுத்தராக எகிப்தியர் போற்றிய தோத், இந்நூலை மூடி வைத்த பிறகு, ஆட்சியை இழந்த இளவரசராகவே நம் நினைவில் நிற்கிறார். எழுத்தரை மறந்து வீரரை எடுத்துக்கொண்டார் ஆசிரியர். இது எனக்குக் குறையாகவே படுகிறது. தொழிற்பற்று என்று நண்பர்கள் கேலி செய்தாலும் சரி.

என் மகளின் கேள்விக்கு விடை தெரிந்த படைப்பாளி ஒருவரே என்று தோன்றுகிறது. அவர் பெயர் என்கி பிலால். 1951-இல் பெல்கிரேடில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்தோடு பாரிசுக்குக் குடிபெயர்ந்தவர். 1980-இல் அவர் பிரெஞ்சு மொழியில் எழுதி வரைந்த சித்திரக்கதையின் ஆங்கில ஆக்கம் ஒன்று தில்லிப் பழைய புத்தகச் சந்தையில் அட்டை கிழிந்த நிலையில் எனக்குக் கிடைத்தது. "இறவாதோர் சந்தை" என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். சித்திரக்கதை என்றால் சிறுவர்க்குரியது என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நானும் அப்படி நினைத்தவன்தான்.

கதை நிகழும் ஆண்டு 2023. (அந்த ஆண்டு வந்து போய்விட்டது, பாரிசு நகரம் நல்லவேளையாக அப்படி ஆகவில்லை.) சர்வாதிகாரி ஒருவன் ஆளும் அழுக்கடைந்த பாரிசின் வானில் ஒரு கல் பிரமிடு மிதக்கிறது. உள்ளே அனுபிஸ் முதலிய எகிப்தியக் கடவுளர் இருக்கின்றனர். அவர்கள் ஏன் வந்தார்கள்? எரிபொருள் தீர்ந்துவிட்டது! கலத்தை நகர்த்த எரிபொருள் கேட்டு ஆட்சியாளனோடு பேரம் பேசுகிறார்கள். கொடுக்கலாம், ஆனால் எனக்கு இறவாமை வேண்டும் என்கிறான் அவன். பேச்சு நீள்கிறது. பிரமிடினுள்ளே தெய்வங்கள் பொழுது போகாமல் பலகை ஆட்டம் ஆடிக்கொண்டிருக்கின்றன.

முதலில் படிப்பவர்க்கு இது வெறும் நையாண்டியாகத் தோன்றும். அபுசீர் ஏடுகளைப் பற்றி அறிந்தபின் படித்தால், பழைய எகிப்தியர் ஒப்புக்கொள்ளும் ஓர் உண்மை இதில் இருப்பது புலப்படும். தெய்வத்திற்கும் தேவைகள் உண்டு; அவற்றை மனிதன் கொடுக்க வேண்டும்; கொடுப்பது நின்றால் கோயில் நின்றுவிடும். மண்ணிலிருந்து அறுத்துக்கொண்டு போன கோயிலுக்கு வயல் இல்லை, மாடு இல்லை, அப்பம் சுடுபவன் இல்லை. அது கையேந்தி ஒரு நகரத்தின்மேல் வந்து நிற்கிறது. அன்போடு கொடுப்பார் எவரும் இல்லாத இடத்தில் படையல் பேரமாகிவிடுகிறது. ஊர் விட்டு ஊர் வந்த ஒருவர்தான் இதை இவ்வளவு கூர்மையாக வரைந்திருக்க முடியும் என்று நான் எண்ணுகிறேன். வந்த ஊரில் கோயில் எழுப்ப நன்கொடைப் புத்தகத்தோடு வீடுவீடாக ஏறி இறங்கியவர்கள் இச்சங்கத்தில் பலர் இருக்கிறீர்கள். அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். படையிலிருந்து நழுவியவன் என்று தண்டிக்கப்பட்டு, முப்பது ஆண்டுகள் உறைநிலையில் விண்ணில் சுழன்ற நிக்கோபோல் என்பவன் பூமியில் வந்து விழுகிறான். அவன் காலொன்று முறிந்து போகிறது. கூட்டத்தை விட்டுப் பிரிந்துவந்த ஹோரஸ், பாரிசின் சுரங்க இருப்புப்பாதைத் தண்டவாளத்தை எடுத்து அவனுக்குக் கால் செய்து கொடுக்கிறார். அவன் உடலைத் தன் காரியத்திற்குப் பயன்படுத்திக்கொள்ளவே கொடுக்கிறார் என்பது உண்மை. இருந்தாலும் அக்காட்சியில் தெய்வம் முதன்முறையாக மண்ணில் கிடக்கும் ஒரு பொருளைத் தொட்டு வேலை செய்கிறது. பிலாலின் சாம்பல் நிற ஓவியத்தில் அந்த இரும்புக் காலின் கனத்தை நாம் உணர்கிறோம். வரிசையின் பிற்பகுதிகள் 1986-இலும் 1992-இலும் வந்தன. முதற்பகுதியின் இறுக்கம் அவற்றில் இல்லை. 2004-இல் பிலாலே இயக்கிய திரைப்படத்தில் பிரமிடு நியூயார்க்கின் வானுக்குப் போய்விட்டது. எரிபொருள் வழக்குப் பின்னுக்குப் போக, ஹோரஸுக்கு விதித்த மரண தண்டனையும் ஏழு நாள் தவணையும் கதையை நடத்துகின்றன. தம் கதையின் உயிர்நிலை எங்கே இருந்தது என்பதை ஆசிரியரே மறந்துவிட்டாரோ என்று வருந்தினேன்.

பிலாலிடமும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்தப் பிரமிடின் உட்புறத்தை அவர் எத்தனையோ கட்டங்களில் வரைந்திருக்கிறார். ஏதாவதொரு மூலையில், எரிபொருள் இருப்பு எவ்வளவு, எப்போது குறையத் தொடங்கியது, யார் கவனிக்காமல் விட்டார் என்று எழுதிக்கொண்டிருக்கும் ஓர் எழுத்தனை அவர் வரைந்திருக்கலாம். சித்திரக்கதையை மகளிடம் காட்டி இதைச் சொன்னேன். அவள் பக்கங்களைப் புரட்டி நெடுநேரம் தேடினாள். பிறகு பிரமிடின் வாயிற்படியருகே பென்சிலால் சிறிதாக ஓர் ஆளை வரைந்து, கையில் ஒரு நோட்டும் கொடுத்துவிட்டாள்.