பீங்கான் பல்லின் தோலைப் பாருங்கள்

ஷாம்பு பாக்கெட்டை வெட்டுக்குறி இல்லாத இடத்தில் பிடித்துக் கிழித்துப் பாருங்கள். விரல்தான் வலிக்கும். குறி இருக்கும் இடத்தில் இழுத்தால் ஒரே நொடியில் கிழிந்துவிடும். இரண்டு இடத்திலும் தாள் ஒன்றுதான். ஓரத்தில் உள்ள அந்தச் சின்ன வெட்டுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது.

பல்லுக்குப் போடும் பீங்கான் ‘கேப்’பை ரசிக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. நிறம் பொருந்துகிறதா என்று மட்டுமே பெரும்பாலும் பார்க்கிறோம். அதன் மேல்தோலைப் பார்க்கக் கற்றுக்கொண்டால், வாய்க்குள் ஒரு பெரிய கைத்திறன் இருப்பது தெரியும்.

விரிசல் எங்கே பிறக்கிறது?

பீங்கானும் கண்ணாடியும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் தாங்காது. 1921-ல் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் கண்ணாடியை இழைகளாக இழுத்துச் சோதித்தார். இழை மெலிய மெலிய அதன் பலம் கூடியது. கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்களே கண்ணாடியைப் பலவீனமாக்குகின்றன என்பது அவர் கண்ட விளக்கம். இழுவிசை வந்தால் விரிசலின் வாய் பிளக்கும், அழுத்தம் வந்தால் மூடிக்கொள்ளும்.

வாயில் இன்னொரு தொல்லையும் உண்டு. எச்சிலில் உள்ள நீர் விரிசலின் நுனிவரை போய், கண்ணாடியின் அணுப்பிணைப்புகளை மெல்ல அறுக்கும். பல வருடம் நன்றாக இருந்த கேப் ஒருநாள் சீடையைக் கடிக்கும்போது உடைகிறது. பழி சீடைக்குப் போகிறது. விரிசலோ அதற்கு வெகுநாள் முன்பே நடக்கத் தொடங்கியிருக்கும்.

பழைய கோப்பையிலிருந்து தொடங்குங்கள்

வீட்டில் பழைய பீங்கான் கோப்பை இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலவற்றில் வலை பின்னியதுபோல் மெல்லிய கோடுகள் ஓடும், அவற்றில் தேநீர்க் கறை படிந்திருக்கும். அங்கே மேற்பூச்சு இழுபட்டு வெடித்திருக்கிறது.

டென்டல் லேபில் இதற்கு நேர்மாறான நிலையைத்தான் தேடுகிறார்கள். கேப்பின் மேல் பூசும் ‘கிளேஸ்’ என்பது மெல்லிய கண்ணாடிப் படலம். சூளையிலிருந்து வெளியே வந்து ஆறும்போது, உள்ளே இருக்கும் பீங்கானைவிடச் சற்றுக் குறைவாகச் சுருங்கும்படி அதன் கலவையைத் தேர்ந்தெடுப்பார்கள். உள்ளுடம்பு அதிகம் சுருங்கி, மேற்படலத்தையும் தன்னோடு சேர்த்து இறுக்கும். அப்போது தோல் எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கும். ஒரு விரிசல் வாய் திறக்க வேண்டுமானால் முதலில் அந்த இறுக்கத்தை வெல்ல வேண்டும்.

தோலுக்கு வலுவூட்டும் வேறு வழிகள்

பேருந்து இருக்கையில் ஒல்லியானவர் எழுந்துபோய் அந்த இடத்தில் பருத்தவர் உட்கார்ந்தால் வரிசையே நெருங்கும். பொட்டாசியம் உப்புப் பசையைப் பீங்கானில் பூசிச் சூடாக்கினால் இதுதான் நடக்கிறது. சோடியம் அயனிகள் வெளியேற, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அங்கே புகுந்து மேற்பரப்பை நெருக்குகின்றன. கைப்பேசித் திரைக் கண்ணாடியை உறுதியாக்குவதும் இதே உத்திதான். ஆனால் அந்த அடுக்கு மிக மெல்லியது, ராவினால் போய்விடும்.

முன்பல்லில் ஒட்டும் வெனீரில் பூச்சு உட்பக்கம் இருக்கிறது. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமுள்ள அந்தப் பீங்கான் ஓடு கையில் எடுக்கும்போதே உடைந்துவிடக்கூடியது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பரவிய முறை அதை மாற்றியது. ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தால் உட்புறத்தை அரித்து, சிலேன் என்ற இணைப்புத் திரவத்தைத் தடவி, பிசினால் பல்லோடு ஒட்டுவார்கள். நுண்பள்ளங்களிலும் விரிசல்களிலும் பிசின் இறங்கி இறுகியதும், அந்த ஓடு பல்லோடு ஓருடம்பாகிக் கடிவிசையைத் தாங்கும்.

ஜிர்கோனியா என்ற பீங்கான் வகைக்கோ இந்த அழுத்தம் உடம்பிலேயே ஊறியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ மூவரும் 1975-ல் இதை எழுதினார்கள். விரிசல் நெருங்கும்போது அங்குள்ள படிகங்கள் வேறு வடிவத்துக்கு மாறி, ஏறத்தாழ 4 சதவீதம் பருத்து, விரிசலை நெரிக்கின்றன. அதனால்தான் சாதாரணப் பல் பீங்கானைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு வளைவு வலிமை அதற்கு உண்டு.

இனி ரசிக்கலாம்

கைக்கண்ணாடியோடு ஜன்னல் பக்கம் நில்லுங்கள். பல்லின்மேல் விழும் ஒளிப்புள்ளியைப் பாருங்கள். ஓரம் கூர்மையாக இருந்தால் தோல் வழுவழுப்பாக இருக்கிறது. பஞ்சுபோல் மங்கிப் பரவினால் சொரசொரப்பு இருக்கிறது.

பிறகு தலையை மெல்லத் திருப்புங்கள். இளவயது இயற்கைப் பல்லில் குறுக்காக மெல்லிய வரிகள் இருக்கும். வயதாக ஆகத் தேய்ந்துவிடும். தேர்ந்த லேப் கலைஞர் அந்த வரிகளை உங்கள் வயதுக்கு ஏற்பப் பீங்கானில் செதுக்கி, கிளேஸ் அவற்றை மூழ்கடிக்காதபடி பூசியிருப்பார். வரிகள் தெரிந்தும் பளபளப்பு குறையாமல் இருந்தால் அந்தக் கையை மனதாரப் பாராட்டலாம்.

அடுத்து நாக்கால் தடவுங்கள். பக்கத்துப் பல்லிலிருந்து கேப்புக்கு நாக்கு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சொரசொரப்பான பீங்கான் தானும் பலவீனப்பட்டு, எதிர்ப்பல்லையும் அரத்தைப்போல் தேய்க்கும்.

கடைசியாக ஒரு கணத்தைத் தவறவிடாதீர்கள். கேப்பைப் பொருத்தியதும், கடி சரியாக உட்கார நிறத்தாளைக் கடிக்கச் சொல்லி, உயரமான புள்ளிகளை வைர முனையால் ராவுவார் மருத்துவர். அந்த இடத்தில் கிளேஸ் போய்விடும், புதுக் கீறல்கள் விழும். “ராவின இடத்தைப் பாலிஷ் பண்ணிடுங்க டாக்டர்” என்று கேளுங்கள். படிப்படியாக மென்மையான ரப்பர் முனைகளால் செய்யும் நல்ல பாலிஷ் அந்தக் கீறல்களை நீக்கிவிடும். முடிந்ததும் மறுபடி கைக்கண்ணாடியை வாங்கிப் பாருங்கள். கறுப்பும் நீலமுமாகத் தாளின் மை படிந்திருந்த அதே இடத்தில் இப்போது விளக்கு தெளிவாகத் தெரிந்தால், தோல் திரும்பிவிட்டது என்று நிம்மதியாக எழுந்து வரலாம்.