அடுப்பு விற்றவரின் கையேடு

விளம்பரக்காரர் டேவிட் ஓகில்வி என்றதும் பலருக்கு ரோல்ஸ் ராய்ஸ் விளம்பரம்தான் நினைவுக்கு வரும். எனக்குப் பிடித்தது, 1935-இல் அவர் எழுதிய அடுப்பு விற்பனைக் கையேடு.

ஆக்ஸ்போர்டு படிப்பைப் பாதியில் விட்டவர். பாரிஸில் ஒரு பெரிய ஓட்டலின் சமையலறையில் வெந்துவிட்டு, ஸ்காட்லாந்தில் வீடு வீடாக ஏறி இறங்கி 'ஆகா' அடுப்பு விற்றார். வார்ப்பிரும்பில் செய்த கனத்த அடுப்பு, விலையும் கனம். அதையே நன்றாக விற்றதால், மற்ற விற்பனையாளர்களுக்கு வழிகாட்டி எழுதித் தரச் சொன்னது நிறுவனம்.

ஆள் பார்த்துப் பேசும் வித்தை அதில் முழுக்க இருக்கிறது. வந்தவர் வாயடிப்பதைவிட வீட்டுக்காரர் பேசுவதுதான் வியாபாரத்துக்கு நல்லது என்கிறார். சமையல்காரரிடம் ஒரு பேச்சு, எஜமானியிடம் வேறு பேச்சு. சைவர்களைப் பார்த்தவுடனே கண்டுகொள்ள வேண்டுமாம். அவர்களிடம் போய் இறைச்சி வாட்டும் பெருமையை அளக்கலாமா? (மயிலாப்பூரில் அளந்தால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.) சமையலறையில் நின்றவன் எழுதியது என்பது வரிக்கு வரி தெரிகிறது. அந்த அனுபவத்தை எந்த வகுப்பும் தராது.

லண்டன் விளம்பர நிறுவனம் ஒன்றில் இருந்த அண்ணன் பிரான்சிஸ், கையேட்டை அங்கே காட்டினார். தம்பிக்கு வேலை கிடைத்தது.

மார்க்கெட்டிங் வேலைக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளே, தெரிந்த மென்பொருள்களின் பட்டியலோடு, நீங்களே விற்ற ஒரு பொருளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி இணைத்துப் பாருங்கள்.