பியர்ட்ஸ்லியின் மைக்கோடும் பால்மயக்கக் கிளவியும்

ஆஸ்கர் வைல்டின் ‘சலோமி’ நாடகத்தின் ஆங்கிலப் பதிப்புக்கு (1894) ஆப்ரி பியர்ட்ஸ்லி மையால் வரைந்த முகப்புப் படம் ‘நிலவில் உள்ள பெண்’ என்பதாகும். பெண் எனப் பெயர் பெற்ற அந்நிலவின் முகமோ வைல்டின் சாயலைக் கொண்டது. அதனை நோக்கி நிற்கும் இரு உருவங்களுள் ஆடையற்றது ஆண். நீண்ட அங்கி அணிந்ததன் பாலினை எக்கோடும் அறுதியிடவில்லை. நிழற்பூச்சு இன்மையால் உடலின் திரட்சி மறைந்து புறக்கோடு மட்டுமே எஞ்சுகிறது. மயக்கம் அங்கிருந்தே பிறக்கிறது.

இப்படத்தைத் தமிழில் விளக்க முற்படுவார்க்கு இடர்ப்பாடு வினைமுற்றில் உள்ளது. உடும்பஞ்சோலை போன்ற இருமொழிப் பகுதியினர் இதனை எளிதில் உணர்வர். மலையாளத்தில் ‘நின்னு’ என்பதே இருபாற்கும் அமையும். தமிழிலோ நின்றான், நின்றாள் என ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பால் ஐயுறுமிடத்துப் பன்மையாற் கூறுமாறு தொல்காப்பியக் கிளவியாக்கம் விதிக்கிறது. எனினும் அப்பன்மை இன்று மரியாதை ஒருமையாகவும் வழங்குதலின், ‘நின்றார்’ என்பது ஐயத்தை உணர்த்தாது மதிப்பையே உணர்த்தும் (பியர்ட்ஸ்லியின் குறும்புக்கு அம்மதிப்பு பொருந்துமா என்பது வேறு). ‘இளவரசி’ என்றோ ‘படைத்தலைவன்’ என்றோ பெயரிடும் குறிப்புரை, கோடு சொல்லாததைச் சொல்லிவிடும். ‘அங்கி அணிந்த உருவம் நிற்கிறது’ எனப் பெயரின்மேல் வினையை ஏற்றுவதே ஓரளவு ஏற்புடையது. ஆயினும் அதில் ஆள் சற்றே பொருளாகிவிடுகிறது.