பாடலில் வானமும் பஞ்சாங்கமும்

விண்மீன்களையும் கோள்களையும் நோக்கிக் காலத்தை அளத்தல் பண்டை மக்கள் பலருக்கும் பொதுவான கலை. இக்காலத்தார் அக்கணிதத்தையே பின்னோக்கிச் செலுத்திப் பழம்பாடல்களுக்கு நாள் குறிக்கவும் முற்பட்டுள்ளனர். அதற்குக் கவிதை எவ்வளவு இடம் தருகிறது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முதற்கண் கிரேக்க நாட்டைக் காண்போம். ஹோமரின் ஒடிசி காப்பியத்து இருபதாம் பகுதியில், விருந்துண்டு களித்திருப்போரை நோக்கித் தியோக்ளிமெனஸ் என்னும் நிமித்திகன், ஞாயிறு மறைந்து இருள் சூழ்ந்துவிட்டதாக உரைக்கிறான். இதனைச் சூரிய கிரகணமெனக் கொண்டு, கி.மு. 1178 ஏப்ரல் 16 என நாள் குறித்தனர். 2008-ஆம் ஆண்டில் பைக்கூசிஸ், மாக்னாஸ்கோ என்னும் இருவர், காப்பியத்தின் பிற வான்குறிப்புகளையும் சேர்த்து அந்நாளையே வலியுறுத்தினர். அன்று கிரகணம் நிகழ்ந்தது உண்மையே. ஆயினும் காப்பியத்தில் அவ்விருளைக் காண்பவன் நிமித்திகன் ஒருவனே. ஏனையோர் அவனை எள்ளி நகைக்கின்றனர். ஊரே காணும் கிரகணமாயின் நகைப்பு எவ்வாறு எழும்? சாவு அணுகியதை அறியாது சிரிப்போரின் பேதைமையன்றோ அங்குப் புலவன் காட்டுவது!

கவிதையாக அன்றிக் கண்டெழுதிய குறிப்பாகவே கிடைப்பினும் ஐயம் முற்றும் நீங்குவதில்லை. பாபிலோனிய மன்னன் அம்மிசதூகாவின் காலத்தில் வெள்ளிக்கோள் தோன்றி மறைந்த செய்தி, 21 ஆண்டுகளுக்குரியது, களிமண் பலகைப் படிகளில் கிடைத்துள்ளது. வெள்ளி எட்டாண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழப் பழைய நிலைக்கே மீள்வதால், ஒரே குறிப்பு பல காலங்களுக்கும் பொருந்துகிறது. எனவே அம்மன்னன் முடிசூடிய ஆண்டு கி.மு. 1702 என்றும், 1646 என்றும், 1582 என்றும் மூவகையாகக் கூறப்படுகிறது.

இனி நம் பரிபாடலுக்கு வருவோம். நல்லந்துவனார் இயற்றிய பதினோராம் பாடலில், வெள்ளி இடபத்தையும் செவ்வாய் மேடத்தையும் புதன் மிதுனத்தையும் சேர்கின்றன. பாம்பு மதியை மறைக்கிறது. எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை இதற்குக் கி.பி. 634 ஜூன் 17 என நாள் கணித்தார். சங்கத் தொகைகளின் தொன்மையைப் போற்றுவோர் அதனை ஏற்றிலர். மறுப்பதில் தவறில்லை. ஆனால் பிற்பட்ட ஆண்டு கிடைத்தால் முறையைப் பழிப்பதும், முற்பட்ட ஆண்டு கிடைத்தால் அம்முறையையே கொண்டாடுவதும் நடுவுநிலை ஆகா.

அப்பாடலின் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. கோள்கள் அவ்வாறு நிற்க, சையமலையில் மழை பொழிகிறது. வையையில் புதுப்புனல் பெருகி வருகிறது. மதுரை மக்கள் நீராடி மகிழ்கின்றனர். வானத்து ஒழுங்கே ஆற்றுநீராய் மண்ணுக்கு இறங்கி வருவதாகப் புலவர் காண்கிறார். கோள்நிலை அக்காட்சியின் வாயில் மட்டுமே.

தாயகம் விட்டு வாழும் நாம், தமிழின் பெருமையை ஆண்டுக்கணக்காகவே பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழகிவிட்டோம். கணக்கை ஒருவர் மறுத்தால் பெருமையும் ஆட்டம் காணும். வையைப் பாடலைப் பொருளுணர்ந்து சுவைத்த பிள்ளைக்கோ அவ்வச்சம் இல்லை.