கோட்டையில் யாருடைய வீரம்?

சென்னைக் கோட்டைக்குள் செல்வோர் பலரும் சட்டமன்றத்தையும் செயலகத்தையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். சற்றே நடந்தால், 1795 இல் எழுந்த பழைய வணிக மாளிகை ஒன்று நிற்கிறது. 1948 முதல் அது அருங்காட்சியகம். வாளும் துப்பாக்கியும், சீருடையும் பதக்கமுமாகக் கும்பெனியாரின் படைவலி அங்கே கண்ணாடிப் பேழைகளில் கண்வளர்கிறது.

தொகுத்தோர் உழைப்பை நாம் குறைகூறோம். 1947 ஆகஸ்ட் 15 அன்று இக்கோட்டையில் ஏறிய கொடியைக் காத்து வைத்து, 2013 முதல் மக்கள் பார்வைக்கும் வைத்துள்ளனர். பாராட்டத்தக்க பணி! ஆனால் தோழர்களே, பேழைகளைச் சுற்றி வருகையில் நெஞ்சில் ஒரு கேள்வி முள்ளாய்த் தைக்கிறது: இங்கே காக்கப்படுவது யாருடைய மரபு?

காரன்வாலிசு பிரபுவின் பளிங்குச் சிலையைப் பாருங்கள். தாமஸ் பாங்க்ஸ் என்னும் ஆங்கிலச் சிற்பி செதுக்கியது. என்னே கம்பீரம்! 1781 இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் இதே பிரபுவின் படை சரணடைந்ததே, அந்தக் கதையைப் பளிங்கு சொல்லாது. அது சொல்வது 1792 ஆம் ஆண்டுக் கதை. பீடத்தில், திப்பு சுல்தானின் சிறுவயது மக்கள் இருவர் பிணையாக ஒப்படைக்கப்படுகின்றனர். பாதி நாட்டையும் மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாயையும் பறித்தது போதாமல், குழந்தைகளையும் பிடித்துச் சென்றதைப் பெருந்தன்மையெனக் கல்லில் வடித்தனர்!

1799 இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் கும்பெனி வழங்கிய பதக்கம் இன்னும் வெளிப்படையாகப் பேசும். அதில் ஆங்கிலச் சிங்கம் மைசூர்ப் புலியை வீழ்த்துகிறது. உருவம் ஒன்றே, உலோகம்தான் வேறு. பெருந்தலைவர்க்குப் பொன், அடுத்தவர்க்குப் பொன்முலாமிட்ட வெள்ளி, பின்னர் வெள்ளி, வெண்கலம், கடைநிலைச் சிப்பாய்க்கு வெறும் வெள்ளீயம். ஒரே களம், ஒரே குண்டு, ஒரே சாவு. மதிப்பில் மட்டும் ஐந்து படி! வருணத்தை நம் நாட்டிற்கு எவரும் கப்பலேற்றி அனுப்ப வேண்டியதில்லை என்றாலும், வந்தவரும் கைவீசி வரவில்லை.

அந்த வெள்ளீயத்திற்கு உரியவன் யார்? தமிழன், தெலுங்கன், முஸ்லிம். ஊர்த் தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றைத் தொடவும் தடுக்கப்பட்ட ஆதிதிராவிடன். அவன் தோளில் ஏறியே சென்னைப் படை வென்றது. பின்னர், 1881 முதல் 1885 வரை அப்படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ், தென்னாட்டார் போருக்கு ஏற்றவரல்லர் என்று கருதினார். பிறப்பிலேயே வீரம் உண்டென்ற ‘போர்க்குடி’க் கொள்கை பரவியது, தென்னாட்டுப் பட்டாளங்கள் சுருங்கின. மனுவின் மொழியை மேனாட்டுத் தளபதி பேசினார்!

வேலூருக்கு வருவோம். திப்புவின் மக்கள் சிறைவைக்கப்பட்ட அக்கோட்டையில், 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் சேர்ந்த புதுத் தலைப்பாகை அணிக என்ற கட்டளை முன்னரே பிறந்திருந்தது; மறுத்தவர்க்குக் கசையடி. “குறியை அழிக்கச் சொல்பவர் நாம், அதற்காகக் கொதித்தவரை ஏன் போற்றுகிறோம்?” என்று ஒரு நண்பர் கேட்டார். நேர்மையான கேள்வி. தன் அறிவால் தானே அழிப்பது தன்மானம். கசையைக் காட்டி அழிப்பிப்பது அடிமைத்தனம். ஆயினும், விடுதலை முழக்கத்தில் அந்தக் குறியையே மறைத்துவிடுவதும் பொய்தான். வேலூரின் கதையில் இரண்டும் இடம்பெற வேண்டும்.

சிலையை அகற்றக் கோரவில்லை நாம். அச்சிலையினருகே சிப்பாயின் சம்பளம், தண்டனை, மனு ஆகியவற்றைத் தமிழில் எழுதி வைக்கட்டும். பழைய படைத்துறை ஏடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உறங்குகின்றன. கோட்டைக்கும் எழும்பூருக்கும் தொலைவு சில கல்தான்.