பெயரிடுபவரும் தேடுபொறியும்

'எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிப் போட்டாச்சு, இனி லைப்ரேரியன் எதுக்கு?' என்று கூட்டமொன்றில் தோழர் ஒருவர் கேட்டார். கைதட்டல் கிடைத்தது. நூலகத்தை அதிகாரத்தின் கிடங்காகவே வாசித்துப் பழகிய நமக்கு, வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆள் போய்விட்டால் விடுதலை என்று படுவது இயல்புதான். எனக்கு அப்படிப் படவில்லை.

அயோத்திதாசரை எடுத்துக்கொள்வோம். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தொடங்கி மறு ஆண்டு 'தமிழன்' ஆன அவருடைய இதழை எந்தத் தலைப்பில் பதிவது? பௌத்தம் என்றால் சமய அலமாரிக்குப் போகும். சாதி என்றால் சமூகவியலுக்கு. குறளுக்கு உரை செய்தவர், இந்திய வரலாற்றையே தலைகீழாகச் சொன்னவர் என்றாலும் இலக்கியம், வரலாறு என்று பதியக் கை வருவதில்லை. 1999இல் ஞான. அலாய்சியஸின் தொகுப்பு வந்த பிறகே பரவலான வாசிப்பு கூடிற்று. தாள் அழிந்து மறைவது ஒரு வகை. தலைப்புக்குள் புதைந்து மறைவது இன்னொரு வகை.

தேடுபொறி இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குகிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில், தும்பிக்கை போட்ட லையிலும் னையிலும் இயந்திரம் தடுமாறுகிறது. பக்கத்தின் படம் இருக்கும், சொல் அகப்படாது. சொ. விருத்தாசலம் என்று தேடுகிறவருக்குப் புதுமைப்பித்தன் கிடைக்க வேண்டுமானால், இருவரும் ஒருவரே என்று யாரோ உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தார். அவர் சேர்த்தவை 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமானபோது, படியெடுப்போடு பட்டியலிடும் உழைப்பும் சேர்ந்தே நடந்தது. நாடக நோட்டீசும் பாட்டுப் புத்தகமும் ஆவணமானது அந்த உழைப்பால்தான். (பழைய பேப்பர்க்காரர் எடைக்கு எடுத்திருப்பார்!)

நூலகரின் பெயரிடல் கள்ளமற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பட்டியல் அட்டையில் ஒரு கையெழுத்து இருக்கும். 'இத ஏன் சார் இங்க வச்சீங்க?' என்று மேசைக்கு முன்னால் நின்று கேட்கலாம். அவர் முறைப்பார், சில சமயம் பென்சிலால் திருத்தியும் தருவார். திரையில் பத்தாம் பக்கத்துக்குத் தள்ளப்பட்ட பிரதிக்காக யாரிடம் போய் நிற்பது?

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஸ்கேனர் எத்தனை வாங்கினீர்கள் என்று கேட்கும் நாம், பட்டியல் எழுத எத்தனை பேரை நியமித்தீர்கள் என்று கேட்டதில்லை. அது நூலகர் சங்கத்தின் சம்பளப் பிரச்சினை என்று ஒதுங்கிவிட்டோம். நானும்தான்.